அப்பாவின் பினாங்கு ஷூ

1995 மார்ச் 5, ஞாயிறு
பரணிலிருந்து அந்த மஞ்சள் பையை இறக்கினேன். டிசம்பரில் அப்பாவின் முப்பதாம் நாள் பூசை முடிந்த கையோடு தம்பி ஜெரால்டு கொடுத்தது. அன்றைக்குத் திறந்து பார்த்துவிட்டு மூடியதுதான்.

வீடு அவனுக்கு. கொல்லையில் நிற்கிற ஏழு தென்னையும் அவனுக்கு. மூத்தவன் எனக்கு ஒரு ஜோடி ஷூ. அதுவும் பூசணம் பூத்து.

கண்டனூர்ச் செட்டியார் கடையில் வேலைக்கு இருந்தபோது அப்பா 1949-ல் பினாங்கில் வாங்கியது. சீமைத் தோல், அடியும் தோல்தான். கிறிஸ்துமஸ், ஈஸ்டர், பெரிய வியாழன் என்று வருடத்துக்கு மூன்று தடவை போடுவார். மற்ற நாளெல்லாம் துணி சுற்றிப் பெட்டியில் இருக்கும். ஷூவையே இந்தக் கதிக்கு விட்டவன் படுக்கையில் கிடந்த மனுஷனை எப்படிப் பார்த்திருப்பான்?

இதைச் சத்தமாகச் சொல்லிவிட்டேன் போலிருக்கிறது. அடுப்படியிலிருந்து என் மனைவி சந்தனமேரி கேட்டாள்: “நாலு வருஷமா எட்டிப் பாக்காத ஆளு பேசுற பேச்சா இது?”

மார்ச் 6
போகாததற்குக் காரணம் இருக்கிறது. என்னிடம் ஒரு வார்த்தை கேட்காமல் வீட்டை அவன் பேருக்கு எழுதி வைத்தார். அதற்கப்புறம் எந்த முகத்தோடு அந்த வாசற்படி ஏறுவது? இவளுக்கு எத்தனை தடவை சொல்வது.

மார்ச் 12, ஞாயிறு
ஊரிலிருந்து, கோயிலில் சாமியாருக்கு ஒத்தாசையாக இருக்கிற உபதேசியார் வந்தார். பெரிய வியாழன் அன்று, இயேசு சீடர்களின் காலைக் கழுவியது போல, சாமியார் பாதம் கழுவுவதற்கு எங்கள் ஊர்க் கோயிலில் பன்னிரண்டு குடும்பத்துக்குப் பன்னிரண்டு நாற்காலி. தகப்பனுக்குப் பிறகு மூத்த மகன் உட்கார வேண்டும் என்பது வழக்கம். அப்பா முப்பது வருடம் உட்கார்ந்தவர். நான் காரைக்குடிக்கு வந்து இருபது வருடம் ஆகிவிட்டதால், இந்த வருடம் தம்பியை உட்காரச் சொல்லலாமா என்று சாமியார் கேட்டு வரச் சொன்னாராம்.

நானே வருகிறேன் என்று சொல்லி அனுப்பினேன். ஜெரால்டிடமும் கேட்டார்களாம், ‘அண்ணன் விருப்பம்’ என்றானாம். நல்லபிள்ளை வேஷம் போட அவனுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

அப்பாவின் ஷூவில்தான் போகப்போகிறேன். கிடையில் கிடந்த தகப்பனுக்கு ஒரு வாய்க் கஞ்சி ஊற்றாத மகன் என்று ஊருக்குள் பேச்சு இருக்கிறது, எனக்குத் தெரியும். நான் யார் மகன் என்று அன்றைக்கு எல்லாரும் பார்த்துக்கொள்ளட்டும்.

மார்ச் 13
அப்பாவுக்கும் எனக்கும் ஒரே கால் அளவு. ஜெரால்டுக்குச் சின்னக் கால்.

மார்ச் 19, ஞாயிறு
காலை முழுக்க அதோடுதான். நாடாவை உருவிவிட்டு, பழைய பல் பிரஷ்ஷால் பூசணத்தைத் தட்டினேன். ஈரத்துணியைப் பிழிந்து துடைக்கத் துடைக்க, துணி பாசி நிறத்தில் வந்துகொண்டே இருந்தது. தையல் இடுக்கை ஊசியால் கிளற வேண்டியிருந்தது. வெயில் பட்டால் தோல் விறைக்கும் என்று நிழலில் வைத்து, உள்ளே தினத்தாளைக் கசக்கித் திணித்தேன். விரல் மடங்குகிற இடத்தில் இரண்டு வெடிப்பு. விளக்கெண்ணெயைத் துணியில் தொட்டு, கொஞ்சமாக, அப்பா தேய்க்கிற மாதிரியே தேய்த்தேன்.

அவர் ஷூ துடைக்கும்போது பக்கத்தில் உட்கார்ந்திருப்பேன். அந்த நேரத்தில் மட்டும்தான் என்னைத் திட்டாமல் பேசுவார்.

மார்ச் 25, சனி
பஸ் ஸ்டாண்டு ஓரத்தில் தைக்கிற முத்தப்பனிடம் கொடுத்திருந்தேன். அடி பிரிந்த இடத்தை மெழுகு நூலால் தைத்து, குதிகாலுக்குப் புது லாடம் அடித்து, வடிவம் நிற்க இரண்டு நாள் கால் அச்சுக் கட்டையில் ஏற்றி வைத்துத் தந்தார். கையில் கொடுக்கும்போது, “ரொம்ப வருசமாப் பாத்துப் பாத்து வச்ச சாமான் சார் இது. இந்த ஒரு வருசமாத்தேன் கை படலை” என்றார்.

நான் சொல்லவில்லையா? கடைசி ஒரு வருடம் ஜெரால்டு தொட்டே பார்க்கவில்லை. செருப்புத் தைக்கிறவருக்குத் தெரிகிறது.

ஏப்ரல் 8, சனி
ஒன்று யோசிக்காமல் விட்டிருந்தேன். எங்கள் கோயிலுக்குள் யாரும் செருப்போடு போவதில்லை. அப்பாவும் வாசலில் கழற்றிவிட்டு வெறும் சாக்ஸோடுதான் போவார். அப்படியென்றால் ஊர்க்காரர்கள் பார்க்கப்போவது ஷூவின் உள்பக்கத்தைத்தான். அது பார்க்கிற மாதிரி இல்லை. வேர்வை உப்பு திட்டுத் திட்டாக, குதிகால் பக்கம் அரக்கு நிறத்தில் ஏதோ கறை.

முத்தப்பனிடம் கறுப்புச் சாயம் கேட்டேன். வெளியே மட்டும் அடியுங்கள், உள்ளே அடித்தால் வேர்வை பட்டு இறங்கும் என்றார். அவருக்கென்ன, அவரா நாற்காலியில் உட்காரப் போகிறார். வீட்டுக்கு வந்து உள்ளே இரண்டு கை அடித்தேன். புதிது போல ஆகிவிட்டது.

ஏப்ரல் 13, பெரிய வியாழன்
எழுத முடியவில்லை.

ஏப்ரல் 14, பெரிய வெள்ளி
எழுதிவிடுகிறேன்.

வாசலில் ரப்பர் செருப்புகளுக்கு நடுவே ஷூவைக் கழற்றி வைத்தபோது நாலு பேர் நின்று பார்த்தார்கள். ‘அருள்சாமி அய்யாவோடது’ என்று ஒருவர் அப்பா பேரைச் சொன்னதும் காதில் விழுந்தது. அந்த ஒரு நிமிடம் நன்றாக இருந்தது. மறைப்பானேன்.

ஏழாவது நாற்காலி. கால் கழுவ வருகிறவர்கள் எல்லாரும் வீட்டில் கால் கழுவிவிட்டுத்தான் வருவோம். நானும் சோப்புப் போட்டுத் தேய்த்துவிட்டுத்தான் கிளம்பினேன். சாமியார் முன்னால் மண்டியிட்டார். கறுப்பு சாக்ஸை உருவினேன். கணுக்கால் வரைக்கும் கறுப்பு. நகம், விரல் இடுக்கு, எல்லாம் — அடுப்புக்கரிக்குள்ள காலை விட்ட மாதிரி. பங்குனி வெயிலு, பஸ்ஸுக்கு நின்னதும் ஏறி வந்ததுமா ஒரு மணி நேரம், சாயம் முச்சூடும் இறங்கிருச்சு. பொம்பளைங்க பக்கம் ஒரு பிள்ளை சிரிச்சது. பிறகு பலர்.

சாமியார் ஒரு கணம் தயங்கிவிட்டு ஊற்றினார். தாம்பாளத்தில் தண்ணீர் மை மாதிரி நின்றது. தேய்த்தார், போகவில்லை. துண்டும் கறுப்பு. அந்தக் காலையே குனிந்து முத்தமிட்டார். செத்துவிடலாம் போல இருந்தது. சடங்கு முடிந்ததும் பக்கத்துக் கதவு வழியாக வெளியேறி, வெறுங்காலோடு பஸ் ஏறினேன்.

ஏப்ரல் 15, சனி
ஜெரால்டு வந்தான், கையில் ஷூ. சிரிக்கத்தான் வந்திருக்கிறான் என்று நினைத்து முந்திக்கொண்டேன். நீ ஒழுங்காக வைத்திருந்தால் எனக்கு இந்த அசிங்கம் வந்திருக்காது, ஒரு வருடம் பூசணம் பிடிக்க விட்டாயே, அப்பாவையும் இப்படித்தானே போட்டிருப்பாய் என்று கேட்டேன். கேட்டேவிட்டேன்.

அவன் கோபப்படவில்லை. கோபப்பட்டிருக்கலாம்.

“சனிக்கிழமை தவறாம நான்தேன் தொடச்சு வச்சேண்ணே. கட்டிலுக்குக் கீழயே இருக்கணும்பாக அப்பா. பெரியவன் வந்தா ரப்பர் செருப்போடயா எந்திரிச்சு நிக்கிறதும்பாக.”

ஷூவைச் சுவரோரம் இறக்கி வைத்துவிட்டு மீதியைச் சொன்னான்.

“அப்பா போறதுக்கு முந்துன கிறிஸ்துமஸுக்கு வாரேன்னு ஆள் சொல்லி விட்டீக. அவுகளுக்குக் காலு வீங்கிக் கெடந்துச்சு. ரெண்டு பேராப் பிடிச்சு நுழைச்சோம். பொழுது அடையிற வரைக்கும் கழட்ட விடலை. கழட்டுனப்ப குதிகால்ல தோலு உரிஞ்சு ரத்தம். இனிமே அதத் தொடைக்காதடான்னுட்டாக. பெறகு நான் தொடலை.”

தண்ணீர்கூடக் குடிக்காமல் போய்விட்டான். சந்தனமேரி வாசல் வரைக்கும் கூடப் போனாள்.

அந்தக் கிறிஸ்துமஸ் எனக்கு நினைவிருக்கிறது. குளித்து, புதுச் சட்டை போட்டுக் கிளம்பிவிட்டேன். ஜெரால்டு முகத்தைப் பார்க்க வேண்டியிருக்குமே என்று நினைத்துச் சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டினேன். அவ்வளவுதான் காரணம். எட்டு மைல்.

நான் இரண்டு கை சாயம் அடித்தது அப்பாவின் ரத்தத்தின் மேல்.

ஏப்ரல் 16, ஈஸ்டர்
பூசைக்குப் போகவில்லை. காலில் கறுப்பு இன்னும் இருக்கிறது.

ஏப்ரல் 22, சனி
ஷூவை எடுத்துக்கொண்டு ஊருக்குப் போனேன். நீயே வைத்துக்கொள், அடுத்த வருடம் நாற்காலியில் நீயே உட்கார் என்றேன். நாற்காலிக்குச் சரி என்றான். ஷூவைத் தொடவில்லை. “உங்களுக்குன்னு சொல்லிட்டுப் போயிருக்காக. நான் எப்பிடி வாங்குறது?” தம்பி மனைவி காப்பி கொடுத்தாள். அப்பாவின் கட்டிலைப் பிரித்துச் சுவரோரம் சாய்த்து வைத்திருந்தார்கள். நான் உட்கார்ந்திருந்த நேரம் முழுக்க யாரும் என்னைக் குறை சொல்லவில்லை. அதுதான் தாங்கவில்லை.

ஆகஸ்ட் 13, ஞாயிறு
இப்போது ஞாயிறுதோறும் ஊர்க் கோயிலுக்கே பூசைக்குப் போகிறேன், அந்த ஷூவைப் போட்டுக்கொண்டு. வாசலில், தெருவை ஒட்டி, நன்றாகக் கண்ணில் படுகிற இடத்தில் கழற்றி வைக்கிறேன். இந்த ஆறு வாரத்தில் அந்த வாசலில் மூன்று ஜோடி செருப்பு காணாமல் போயிருக்கிறது. போன வாரம்கூட உபதேசியாருடைய புதுச் செருப்பைக் காணோம். என்னுடையது வைத்த இடத்திலேயே இருக்கிறது. அது யாருடையது என்று ஊரில் எல்லாருக்கும் தெரியும், ஒருத்தரும் எடுக்க மாட்டேன் என்கிறார்கள்.