தெருமூடி மடமும் என் வாயும்

ஓகஸ்ட் 24, ஞாயிறு

இன்று மடம் ஒரு பஸ்ஸைப் பிடித்துவிட்டது.

பெரிய றோட்டிலிருந்து எங்கள் ஒழுங்கைக்குள் திரும்பினால் முதலில் வருவது இந்தத் தெருமூடி மடம். இரண்டு பக்கமும் கல்தூண், ஆட்கள் இருந்து இளைப்பாற மேடை, மேலே சுண்ணாம்புக் கூரை. தெரு அதன் வயிற்றுக்குள்ளால் போகிறது. கட்டியவர் மாட்டுவண்டியை நினைத்துக் கட்டியிருப்பார். ஏசி பஸ்ஸை அவர் எங்கே கண்டார்?

ஒழுங்கையின் மற்ற முனையில் வெங்காயத் தோட்டமாக இருந்த காணியில் கனகரத்தினம் கலியாண மண்டபம் கட்டிய நாளிலிருந்து இது நடக்கும் என்று எனக்குத் தெரியும். மாப்பிள்ளை வீட்டாரின் பஸ் பாதி உடம்பை உள்ளே விட்டபின் கூரையில் இறுகிக்கொண்டது. கதவு தூணோடு ஒட்டிவிட்டதால் திறக்க முடியவில்லை. மாப்பிள்ளையைச் சாரதியின் யன்னலால் இறக்கினார்கள். தலைப்பாகை முதலில் வந்தது. மாப்பிள்ளை பிறகு வந்தார்.

ரயர்களின் காற்றைத் திறந்துவிட்டு, பஸ்ஸைத் தாழ்த்திப் பின்னுக்கு எடுத்தார்கள். நான் மதிலில் கையூன்றி முழுவதையும் பார்த்தேன். சோறு அடிப்பிடித்துவிட்டது. கவலையில்லை.

ஓகஸ்ட் 25

கூரை மூலையில் ஒரு கட்டி சுண்ணாம்பு விழுந்திருக்கிறது. ஊர் முழுக்கப் பஸ்ஸுக்கு விழுந்த கீறலைப் பற்றித்தான் கதை.

ஓகஸ்ட் 27, புதன்

கனகரத்தினம் கையெழுத்து வாங்க வந்தார். மடத்தை இடித்து ஒழுங்கையை அகலிக்கச் சொல்லிப் பிரதேச சபைக்கு மனு.

“அக்கா, ஊர் முன்னேற வேணுமெல்லோ. றோட்டு அகண்டால் உங்கடை காணிக்கும் விலை ஏறும்.”

“எங்கடை காணியிலை எவ்வளவு போகும்?”

“பெரிசா ஒண்டுமில்லை. மதிலும் குசினியிலை ஒரு மூலையும்.”

“எந்த மூலை?”

“அடுப்பு இருக்கிற மூலை.”

நாங்கள் கையெழுத்துப் போடவில்லை. மற்ற எல்லா வீடும் போட்டுவிட்டதாம். என் கணவர் பேப்பரைத் தாழ்த்தி, “மடத்திலை உனக்கு இவ்வளவு பற்று எண்டு எனக்குத் தெரியாது” என்றார். பற்று இருக்கிறது. தபால் கந்தோரில் வேலை பார்த்த காலம் முழுக்க, மத்தியானம் பஸ்ஸால் இறங்கி வரும்போது அந்த நிழலில் ஒரு நிமிடம் நின்றுதான் வீட்டுக்கு வருவேன். வெயில் அங்கே நுழைவதேயில்லை. ஆனால், என் நாட்குறிப்புக்கு ஏன் ஒளிக்க வேண்டும் — அடுப்பிலும் பற்றுத்தான்.

செப்டெம்பர் 2

சபைக்குப் போய் விசாரித்தேன். மடத்தை யார் கட்டினது, எந்தக் காலம் என்று கேட்டார்கள். எனக்குத் தெரியாது. ஒருவருக்கும் தெரியாது. “வரலாறு ஒண்டும் இல்லையெண்டால் கஷ்டம், அம்மா. நவம்பர்க் கூட்டத்திலை எடுப்பினம்.”

இருக்கிற கட்டிடத்துக்கு வரலாறு இல்லையாம். கண் முன்னால் நிற்கிறது, போதாதாம்.

செப்டெம்பர் 4, வியாழன்

இன்று ஒரு பொய் சொன்னேன். சொல்ல நினைத்துச் சொல்லவில்லை, வாய் முந்திவிட்டது.

காலையில் மண்டபத்துக்குக் கதிரை ஏற்றி வந்த லொறி மடத்தைத் தாண்டியதும் ஒழுங்கைக்குள் பழுதாகி நின்றுவிட்டது. கலியாணப் பொம்பிளையின் கார் பெரிய றோட்டுப் பக்கம் மாட்டிக்கொண்டது. முகூர்த்தம் கிட்டுகிறது. தாய்க்காரி ஒப்பாரி வைக்காத குறை. பொம்பிளை அழுது மை கரைகிறது. அலங்காரம் செய்த என் அக்காவின் மகள் கஜந்தினி பஞ்சோடு பின்னால் ஓடுகிறாள்.

“ஏன் அழுறியள்?” என்று போய்க் கேட்டேன். “இறக்கி நடத்திக் கொண்டு போங்கோ. அந்தக் காலத்திலை இந்த மடத்துக்குக் கீழாலை பொம்பிளையும் மாப்பிளையும் நடந்துதான் போறவை. நடந்து போன சோடி பிரியாது எண்டு சொல்லுவினம்.”

தாய்க்காரியின் முகம் விளக்கேற்றின மாதிரி ஆனது. உடனே மாப்பிள்ளைக்கு ஃபோன். மண்டபத்தில் இருந்த மாப்பிள்ளையைத் திரும்ப வரப்பண்ணி, இரண்டு பேரையும் சேர்த்து நடத்தினார்கள். படம் எடுக்கிறவன் துள்ளித் துள்ளி எடுத்தான்.

பின்னேரம் கஜந்தினி வந்தாள். “சித்தி, உந்தக் கதை எனக்கு ஒருநாளும் சொல்லேல்லையே?”

“எனக்கே காலமைதான் தெரியும்.”

இரண்டு பேரும் சிரித்த சிரிப்பில் இவர் அறைக் கதவைச் சாத்திக்கொண்டார். பிறகு இருவரும் ஒரேயடியாகச் சிரிப்பை நிறுத்தினோம். அவள் என்னைப் பார்த்தாள். நான் அவளைப் பார்த்தேன். மாதத்தில் பத்துப் பொம்பிளைக்காவது முகம் பூசுகிறவள் அவள். முகம் பூசும்போது பொம்பிளைகள் அசையவும் முடியாது, வாய் திறக்கவும் முடியாது. கேட்டுக்கொண்டுதான் இருக்க வேண்டும்.

செப்டெம்பர் 14

இந்தக் கிழமை மூன்று சோடி. ஒன்று நல்லூர்ப் பக்கத்து மண்டபத்தில் தாலி கட்டிவிட்டு இங்கே நடக்க மட்டும் வந்தது.

செப்டெம்பர் 19

இரத்தினம்மா மாமி கோயிலால் வரும் வழியில் என்னை மறித்து, மடத்தின் மகிமை தெரியுமா என்று கேட்டா. “எங்கடை அம்மா சொல்லுறவா, பிள்ளை. ராசா ஒருத்தர் மகளைக் கட்டிக் குடுக்கேக்கை கட்டினதாம்.”

ராசாவை நான் கதையில் போடவில்லை. ராசா தானாக வந்து சேர்ந்திருக்கிறார். மாமி அவ்வளவு உறுதியாகச் சொன்னதில், உண்மையாக இருக்குமோ என்று அரை மணித்தியாலம் யோசித்தேன்.

ஒக்டோபர் 22, புதன்

கனகரத்தினம் வந்தார். இந்த முறை கையில் வாழைக்குலை.

“அக்கா, மனுவிலை நீங்கள் கையெழுத்துப் போடாதது எவ்வளவு நல்லதாப் போச்சு.”

தை மாதத்துக்கு மண்டபம் கேட்டு எடுக்கிறவர்கள் எல்லாரும் முதலில் கேட்கிற கேள்வி, “மடம் இருக்குத்தானே?” என்பதாம். மனுவைத் தானே திரும்ப எடுக்கப் போகிறாராம். பஸ்களை நிறுத்தப் பெரிய றோட்டோரம் ஒரு வெறுங்காணியைக் குத்தகைக்குப் பேசிவிட்டாராம்.

“உந்த மடத்தின்ரை அருமை உங்களுக்குத் தெரியாது, அக்கா” என்று எனக்கே விளங்கப்படுத்தினார். ஓம், ஓம் என்று தலையாட்டினேன். கன்னத்தின் உட்பக்கத்தைக் கடித்துக்கொண்டிருந்ததால் வேறு ஒன்றும் சொல்ல முடியவில்லை.

நவம்பர் 11

சபையில் முடிவு. மடம் நிற்கும். பாரவாகனம் ஒழுங்கைக்குள் வரத் தடை. அடுப்பும் நிற்கும்.

நவம்பர் 13, வியாழன்

எழுத விருப்பமில்லாத நாள். எழுதத்தான் வேண்டும்.

மூன்றாம் வீட்டுப் பிரசாந்தி சட்டை தைத்துக் கொண்டுவந்து தந்தாள். அவளுடைய புருஷன் பிரான்சுக்குப் போய், அங்கே வேறொருத்தியோடு இருக்கிறான், ஊருக்கே தெரியும். காசை வாங்கிக்கொண்டு போகாமல் வாசல் படலையடியில் நின்றாள்.

“அக்கா, ஒண்டு கேக்கட்டே? எங்கடை கலியாணத்துக்கு நாங்கள் மடத்துக்குக் கீழாலை கார்லை போனனாங்கள். இறங்கேல்லை. அதுதானோ?”

ஐயோ, என்ன செய்துவிட்டேன் நான்?

“விசர்க்கதை கதையாதை,” என்றேன். “அது பொய். நான்தான் சொன்னனான். லொறி நிண்ட அண்டைக்கு, அந்தப் பொம்பிளை அழுதாள் எண்டு சொன்ன பொய்.”

அவள் இல்லையென்று தலையாட்டினாள். “என்னை ஆறுதல்படுத்த இப்பிடிச் சொல்லுறியள்.”

“சத்தியமா, பிள்ளை!”

“இரத்தினம்மா மாமியின்ரை அம்மாவும் சொன்னவாவாம், அக்கா.”

பொய்யை ஊரே நம்பியது. உண்மையை நம்ப ஒரு ஆள் கிடைக்கவில்லை. கஜந்தினியையும் கூட்டிக்கொண்டு அவள் வீட்டுக்குப் போய் இருவருமாகச் சொன்னோம். கேட்டாள். தேத்தண்ணி தந்தாள். நம்பினாளா? கடைசியில், “கார்லை ஏசி போட்டிருந்தது, அவர் இறங்க மாட்டன் எண்டவர்” என்றாள். பிறகு, “அப்பவே விளங்கியிருக்க வேணும்” என்று தானே சிரித்தாள். மடத்துக்குச் சிரித்தாளா, அவனுக்கா, எங்களுக்கா?

நவம்பர் 14

நித்திரையில்லை. இனி அந்தக் கதையை ஒருவருக்கும் சொல்வதில்லை என்று கஜந்தினியும் நானும் முடிவெடுத்தோம். இதனால் ஒன்றும் ஆகப்போவதில்லை. கதைக்கு இப்போது நாங்கள் தேவையில்லை.

டிசெம்பர் 29

மடத்தில் கனகரத்தினம் பெயர்ப்பலகை போட்டிருக்கிறார். ராசாவுக்குப் பெயரும் வைத்தாயிற்று.

ஜனவரி 25, ஞாயிறு

இன்று கஜந்தினியின் கலியாணம். கனகரத்தினத்தின் மண்டபத்தில்தான்.

மாப்பிள்ளை கீர்த்திகன் கொழும்புத்துறைப் பெடியன். நல்ல பிள்ளை, கெட்டிக்காரன். மடத்துக் கதை எங்கே பிறந்தது என்று கஜந்தினி எல்லாம் சொல்லியிருக்கிறாள். நேற்றே அவன் சொல்லிவிட்டான்: “பொய்யெண்டு தெரிஞ்சும் ஏன் வெயிலுக்கை நடக்கிறது, மாமி? நாங்கள் கார்லையே போறம்.” அவளும், அதுதானே என்றாள். நானும், ஓம், அதுதானே என்றேன். மூன்று பேருக்கும் புத்தி இருக்கிறது.

காலையில் கோயிலில் கும்பிட்டுவிட்டு இரண்டு பேரும் ஒரு காரில் வந்தார்கள். நான் வீட்டு வாசலில் பட்டுச்சேலையோடு நின்றேன். பூ வைத்த கார் பெரிய றோட்டால் திரும்பியது. வேகம் குறையவில்லை. எதற்குக் குறைய வேண்டும்? பொய்தானே. நான் சொன்ன பொய். எந்த இடத்தில் நின்று, எந்த வாயால் சொன்னேன் என்றுகூட எனக்குத் தெரியும்.

அதற்குப் பிறகு நடந்ததை எழுத வெட்கமாக இருக்கிறது.

மடத்துக்குள்ளால் ஓடிப்போய், அதற்கு முன்னால், தெருவின் நடுவில், இரண்டு கையையும் அகல விரித்துக்கொண்டு நின்றேன். கார் கிரீச்சென்று நின்றது. கஜந்தினி கண்ணாடியை இறக்கி, நகையெல்லாம் குலுங்கத் தலையை வெளியே நீட்டினாள்.

“சித்தி! அது நீங்கள் சொன்ன பொய்யல்லோ!”

“ஓம்,” என்றேன். “இறங்கி நட.”