அந்த மௌனம் தங்களுடையதன்று

பெருமதிப்பிற்குரிய மாஸ்டர் அவர்களுக்கு,

வணக்கம். தாங்கள் மறைந்து நான்கு ஆண்டுகள் கழித்து இம்மடலை எழுதுகிறேன். இத்தனை காலம் தாழ்த்தியதற்குப் பொறுத்தருள வேண்டுகிறேன். தங்கள் இறுதிச் சடங்கன்று வந்திருந்த எல்லாரும் ஆளுக்கு இரண்டு வார்த்தை பேசினார்கள். நான் பேசவில்லை. பேச ஒன்றுமில்லை என்றே அன்று நினைத்திருந்தேன். நேற்று மாலையிலிருந்து நிறைய இருக்கிறது.

நேற்று தங்கள் துணைவியார், நான் அக்கா என்று அழைப்பவர், என் தையற்கடைக்கு வந்தார். புக்கிட் பாத்தோக்கிலிருந்து பேருந்து மாறி வந்து, தேக்காவில் இறங்கி, வெயிலில் நடந்திருக்கிறார். கைப்பையிலிருந்து ஒரு கைக்குட்டைப் பொட்டலத்தை எடுத்து, நான் வெட்டிக்கொண்டிருந்த ரவிக்கைத் துணியின் மேல் வைத்தார். பிரிப்பதற்கு முன்பே யூகலிப்டஸ் தைலத்தின் வாடை அடித்தது. சாக்ஸபோனின் வாய்ப்பகுதியைத் தாங்கள் சுற்றி வைக்கும் கைக்குட்டை அது. ஒத்திகை நாள்களில் அந்த வாடைதான் தங்களுக்கு முன்னே மாடிப்படி ஏறி வரும். என் கண்கள் கலங்கின என்பதை ஒளிக்கமாட்டேன். அந்தக் கலக்கம் நெடுநேரம் நீடிக்கவில்லை என்பதையும் ஒளிக்கமாட்டேன்.

கைக்குட்டைக்குள் ஒரு கேசட் இருந்தது. டோபி காட் அருகே அந்த அரங்கில் மக்கள் முன்னிலையில் நாம் வாசித்துப் பதிவு செய்த நம்முடைய ஒரே இசைத்தட்டை, நிறுவனத்தார் கேசட்டாக மீண்டும் வெளியிடப் போகிறார்களாம். அதற்காக ஒலிப்பதிவாளர் மூல நாடாக்களை எடுத்துக் கேட்டிருக்கிறார். அன்று நம் ஒவ்வொருவர் முன்னும் தனித்தனியே ஒலிவாங்கி வைத்து, தனித்தனித் தடங்களில் பதிந்திருந்தார்கள் அல்லவா? இசைத்தட்டின் மூன்றாம் பாட்டில் இடம்பெறாமற்போன என் வயலின், மூல நாடாவில் அழியாமல் இருக்கிறதாம். அதைத் திரும்பச் சேர்க்கலாமா, வேண்டாமா என்று கேட்டு அக்காவிடம் ஒரு படி கொடுத்தனுப்பியிருந்தார். வெள்ளிக்கிழமைக்குள் பதில் வேண்டுமாம்.

அன்று நீக்கிய நிறுவனத்தாரே இன்று என்னிடம் அனுமதி கேட்கிறார்களா என்று அக்காவிடம் சற்றுக் காரமாகவே கேட்டேன். அவர் துணியில் விரலை வைத்துத் தேய்த்துக்கொண்டே சொன்னார்.

“கம்பெனி இல்லம்மா. அவருதான் எடுக்கச் சொன்னாரு. நான் பக்கத்துலதான் இருந்தேன்.”

மாஸ்டர், அந்த நொடியிலிருந்து எனக்குக் கோபம். தாங்கள் இருந்த காலத்தில் நான் இரண்டு வாக்கியம் பேசுவதற்குள் மூன்றாவதைத் தாங்கள் முடித்துவிடுவீர்கள். இப்போது தாங்கள் குறுக்கிட முடியாது. எனவே முழுவதையும் என் முறைப்படி சொல்லப்போகிறேன்.

தங்களை நான் முதலில் கண்டது எங்கள் தேவாலயத் திருமண விருந்தொன்றில். அங்கே நான் வயலின் வாசித்தேன். எனக்கு ஆசான் கிடையாது. பாடகர் குழுவில் மற்றவர்களைப் பார்த்து வில் பிடிக்கப் பழகினேன். வானொலிக் கச்சேரிகளைக் கேட்டு இராகங்களை நானே கற்றேன். இதை நான் தலை நிமிர்ந்தே சொல்லி வந்திருக்கிறேன். சபாக்காரர்கள் யாரிடம் படித்தீர்கள் என்று கேட்பார்கள். விடையைக் கேட்டதும் தேநீர் கொடுத்து அனுப்பிவிடுவார்கள். தாங்கள் மட்டும் கையில் பிரியாணித் தட்டோடு வந்து நின்று, “யார்கிட்ட படிச்சீங்கன்னு நான் கேக்கல. ஞாயித்துக்கிழமை மத்தியானம் ஃப்ரீயா, அதான் கேக்குறேன்” என்றீர்கள்.

அந்த ஒரு வாக்கியத்திற்காகத் தங்களுக்குக் கடமைப்பட்டிருந்தேன். நேற்று வரை.

இளமையில் வெள்ளைக்காரச் சிப்பாய்களின் விடுதிகளிலும் பிறகு ஹோட்டல்களிலும் நடனத்திற்கு வாசித்துக் களைத்தவர் தாங்கள். அறுபதைத் தாண்டிய பிறகு ஜாஸையும் நம் இராகங்களையும் ஒன்றாக உட்கார வைக்க ஆசைப்பட்டீர்கள். தேக்காவில் துணிக்கடை மாடியில் ஒத்திகை. மலாய்க்காரர் டிரம்ஸ், சீனர் பேஸ் கிட்டார், யூரேசியர் பியானோ. முதல் நாள் நான், “தங்கள் அழைப்பிற்கு நன்றி. என்னால் இயன்றதைச் செய்வேன்” என்றேன். “என்னா, நியூஸ் வாசிக்கிறீங்களா?” என்று தாங்கள் கேட்டீர்கள். அன்றிலிருந்து எனக்கு நியூஸ் என்றே பெயர். தமிழ் தெரியாத டிரம்ஸ்காரரும் அப்படித்தான் அழைத்தார். ஒரு மாதம் போல முகத்தைத் தூக்கி வைத்திருந்தேன். பிறகு சிராங்கூன் சாலையில் எவர் வாயிலாவது அந்தச் சொல் வந்தால் திரும்பிப் பார்க்கும் அளவுக்குப் பழகிப்போனது.

நமக்குள் நடந்த சண்டை எல்லாம் ஒரே சண்டைதான். நம் கச்சேரி முறையில், பாடுகிறவர் மூச்சு வாங்கும் இடத்தில் அவர் விட்ட இழையை வயலின் பிடித்துக்கொள்ள வேண்டும். இடைவெளி விழ விடுவது பக்கவாத்தியத்துக்கு இழுக்கு. ஆகவே தாங்கள் நிறுத்திய இடத்திலெல்லாம் நான் எடுத்தேன். ஒருநாள் தாங்கள் சாக்ஸபோனை இறக்கி வைத்தீர்கள்.

“நியூஸ், நான் நிறுத்தினா அது காலி இடம் இல்ல லா. அதுவும் என் பாட்டுதான். வெளக்கமாத்த தூக்கிக்கிட்டு உள்ள வந்து பெருக்காதீங்க.”

“தாங்கள் மூச்சு வாங்குகிறீர்கள் என்று எண்ணினேன், மாஸ்டர்.”

“மூச்சு வாங்கல. யோசிக்கிறேன்.”

சொல்லிவிட்டுத் தாங்கள் பெருக்குவதுபோலக் கையை ஆட்டிக் காட்டியதில் மற்ற மூவரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். எனக்கு முகம் எரிந்தது. ஆயினும் தாங்கள் சொன்னதை வீட்டில் வாசித்துப் பார்த்தேன். அதில் நியாயம் இருந்தது. வில்லைத் தந்திக்கு மேலே நிறுத்தி, ஒலிக்காமல் காத்திருக்கப் பழகினேன். நானாகக் கற்ற எதுவும் அவ்வளவு கடினமாக இருந்ததில்லை. தாங்கள் திரும்பி வரும் வரை அந்த வெற்றிடத்தை என் தோள்பட்டையில் தாங்குவேன்.

இனி அந்த மாலைக்கு வருகிறேன். மூன்றாம் பாட்டு, சாருகேசி. தாங்கள் பல மாதங்களாக இருமிக்கொண்டிருந்தீர்கள். கேட்டால் ஹோட்டல்களில் சுவாசித்த சிகரெட் புகை என்பீர்கள். அன்று மெல்ல மெல்ல ஏறி, மேல் ஷட்ஜத்தைத் தொடும் முன்பு தைவதத்தில் நிறுத்தினீர்கள். பேஸ்காரர் ஒரே சுரத்தைப் பிடித்துக்கொண்டிருந்தார். தாங்கள் சொல்லித் தந்த மரியாதைப்படி நான் காத்திருந்தேன். மாஸ்டர் யோசிக்கிறார் என்று நினைத்தேன். இவ்வளவு நேரம் அவர் யோசித்ததில்லையே என்று அடுத்து நினைத்தேன். அதற்குள் தாங்கள் என் அருகிலிருந்த ஒலிபெருக்கிப் பெட்டியின் மேல் உட்கார்ந்துவிட்டீர்கள். உதடு நீலம் பூத்திருந்தது.

“எடுங்க, நியூஸ். எனக்கு வரல.”

எடுத்தேன். தாங்கள் விட்ட தைவதத்திலிருந்தே எடுத்தேன். என்ன வாசிக்கிறேன் என்று அறியாமல், தாங்கள் எழுந்திருக்கும் வரை விடுவதில்லை என்பதை மட்டும் அறிந்து வாசித்தேன். பிறகு பஞ்சமத்தில் இறங்கி முடித்த என் கடைசிப் பிடியை வாங்கிக்கொண்டு தாங்கள் எழுந்தீர்கள். அதையே திருப்பிச் சொல்லி, உடைத்து, எட்டாமல் விட்ட ஷட்ஜத்துக்குக் கொண்டுபோய்ச் சேர்த்தீர்கள். தங்கள் வாழ்நாளில் தாங்கள் வாசித்தவற்றிலேயே அதுதான் சிறந்தது. அது எனக்குச் சொன்ன பதில். மேடைக்குப் பின்னால் முகத்தைத் துடைத்துக்கொண்டே, “நல்லா சுத்தமா பெருக்குனீங்க” என்றீர்கள். வேறு நன்றியை நான் எதிர்பார்க்கவில்லை.

இசைத்தட்டு வந்தது. ஆங் மோ கியோவில் என் வீட்டில் பாடகர் குழுவினர் அனைவரும் கூடினார்கள். பாதிரியார் தம் கிராமபோனைக் கொடுத்தனுப்பியிருந்தார். மூன்றாம் பாட்டுத் தொடங்கியதும், இதில்தான் என்று நானே எல்லாரையும் அமர்த்தினேன். தைவதம் வந்தது. நின்றது. பேஸ் கிட்டாரின் ஒற்றைச் சுரம் போய்க்கொண்டே இருந்தது. காதைக் கொண்டுபோய் வைத்தால் மட்டும், அடுத்த புளோக் வீட்டில் யாரோ வயலின் வாசிப்பதைப்போல ஏதோ கேட்டது. டிரம்ஸ்காரரின் ஒலிவாங்கியில் சிந்தியது அவ்வளவுதான். “உங்க பார்ட் எங்கக்கா?” என்று ஒருத்தி கேட்டாள். “வரும்” என்றேன். தாங்கள் திரும்பி வந்து வாசித்து, பாட்டு முடிந்து, கைதட்டலும் முடிந்தது. அவர்கள் நல்லவர்கள், பலகாரத்தைப் பற்றிப் பேச ஆரம்பித்தார்கள்.

அதன் பிறகு உலகம் அந்த ஓட்டையைக் கொண்டாடத் தொடங்கியது. மௌனத்தையே வாத்தியமாக்கிய மேதை என்று வானொலியில் பேசினார்கள். தாங்கள் திரும்பி வரும் இடம் எங்கிருந்து பிறக்கிறதென்றே தெரியாத அற்புதம் என்றார்கள். எனக்குத் தெரியும் எங்கிருந்து பிறந்ததென்று. சென்ற ஆண்டு ஒரு சமூக நிலையத்தில் இளைஞர் குழு ஒன்று அந்தப் பாட்டை வாசித்தது. தைவதம் வந்ததும் அத்தனை பேரும் வாத்தியத்தை இறக்கி, கண்ணை மூடி, தலை குனிந்து நின்றார்கள். வழிபாட்டில் நிற்பதைப்போல நின்றார்கள். நான் இல்லாத இடத்தை அவ்வளவு பக்தியோடு ஒத்திகை பார்த்திருந்தார்கள். நான் நாற்காலியிலிருந்து எழுந்து வெளியே போய்விட்டேன்.

இதற்கெல்லாம் நான் நிறுவனத்தாரையே திட்டினேன். ஏன் தெரியுமா? தாங்கள் படுக்கையில் விழுவதற்கு முன் புக்கிட் பாத்தோக் வீட்டுக்கு வந்து, ஜன்னலோர நாற்காலியில் சாய்ந்திருந்த தங்களிடம், நம் இருவரையும் ஏமாற்றிவிட்டார்கள் மாஸ்டர் என்று கொதித்தேன். தாங்கள் வெளியே பார்த்துக்கொண்டே, “விடுங்க நியூஸ். கம்பெனிக்காரனுக்கு என்னா தெரியும்” என்றீர்கள். மனம் நோகிறாரே என்று நான் தங்களைத் தேற்றினேன். ஆரஞ்சுப் பழத்தை உரித்து, கொட்டையை நீக்கி, ஒவ்வொரு சுளையாகக் கொடுத்தேன். தாங்கள் ஒவ்வொன்றாக வாங்கித் தின்றீர்கள். வயலினை நீக்கியதைவிட அந்தச் சுளைகளை வாங்கியதை மன்னிப்பது எனக்குக் கடினமாக இருக்கிறது.

காரணத்தையும் அக்காதான் சொன்னார். “முடியலன்னு அவரு சொன்னது உங்க மைக்குல விழுந்திருக்கு. நீங்க வாசிக்கிற வரைக்கும் அவரு இழுத்து இழுத்து மூச்சு விடுறதும் விழுந்திருக்கு. அத யாரும் கேக்கக் கூடாதுன்னாரு. உங்கள எடுத்தாதான் அது போகுமாம்.”

கடையை அடைத்த பின் கேசட்டைப் போட்டுக் கேட்டேன். என் வாசிப்பு நான் நினைத்திருந்ததைவிட நன்றாகவே இருந்தது. அடக்கத்திற்காகக் குறைத்துச் சொல்லமாட்டேன். அதன் பக்கத்திலேயே தங்கள் மூச்சு. கிழிந்த துணியை இழுப்பதைப்போன்ற மூச்சு. அது குறுகிய இடங்களில் என் வில் நீண்டிருக்கிறது. அன்று அறியாமலேயே நான் அதற்குத்தான் பக்கவாத்தியம் வாசித்திருக்கிறேன். அது சீரானதும் நான் இறங்குகிறேன், தாங்கள் எழுகிறீர்கள். இரண்டையும் பிரிக்க முடியாது என்று ஒலிப்பதிவாளர் அக்காவிடம் சொல்லியனுப்பியது மெய்தான்.

தங்கள் பக்கம் நின்றும் பார்த்தேன். மூச்சை வைத்தே பிழைத்தவருக்கு மூச்சு போவதை ஊர் கேட்பது பெரிய அவமானம்தான். தன்மானத்தை நான் அறியாதவளா? ஆனால் தங்கள் தன்மானத்தை மூடுவதற்கு என்னுடையதை உரித்து எடுத்தீர்களே. இடைவெளியெல்லாம் தங்கள் பாட்டு என்றீர்கள், ஏற்றேன். அந்த ஓர் இடைவெளியை மட்டும் எடுங்கள் என்று வாய்திறந்து எனக்குக் கொடுத்தீர்கள். கொடுத்ததைத் திரும்பப் பிடுங்கும் உரிமை தங்களுக்கு இல்லை. என்னிடம் ஒரு சொல் கேட்டிருந்தால், ஒருவேளை நானே விட்டுக்கொடுத்திருப்பேன். கேட்கவில்லை.

நேற்று அக்கா புறப்படும்போது அவர் விருப்பத்தைக் கேட்டேன். “எனக்கென்னம்மா. வீட்ல போட்டுப் போட்டுக் கேட்டேன். அவரு மூச்சு விடுறது கேக்குது” என்றார். கைக்குட்டையை மட்டும் மடித்துத் திரும்ப எடுத்துக்கொண்டு போனார்.

கோபத்திலும் ஒன்றை மறுக்கமாட்டேன். ஞாயிற்றுக்கிழமைகளில் தேவாலயத்தில் பாடுகிறவர் நிறுத்தும்போது, என் வில் தந்திக்கு மேலே நின்று காத்திருக்கிறது. குழுவில் புதிதாய்ச் சேர்ந்தவர்கள், அம்மா மறந்துவிட்டார்கள் என்று நினைக்கிறார்கள். அந்தக் காத்திருப்பு தாங்கள் தந்தது. நேற்றைக்குப் பிறகு அதை உதறிவிட விரும்பினேன், கை கேட்கவில்லை.

இன்று காலை ஒலிப்பதிவாளரிடம் தொலைபேசியில் பேசினேன். வயலினை முழுமையாகச் சேர்க்கச் சொன்னேன். தங்கள் சொற்களையும் மூச்சையும் கொஞ்சமும் குறைக்காமல் விடச் சொன்னேன். வெள்ளிக்கிழமை மாலை வரை மாற்ற இயலும் என்றார். தங்களுக்கு மறுப்பு இருந்தால் அதற்குள் பதில் எழுதுங்கள்.