உப்புக்கண்டத்துக்கு எத்தனை நாள்

சுராக்கோச்சா,
ஜூலை 30

அன்புள்ள சாத்துர்னினா அக்காவுக்கு,

இங்கே எல்லோரும் சுகம். லாமாக்களுக்குச் சொறி போய்விட்டது. நீ சொன்னபடி ஆட்டு ஊசியைப் போட்டு, முப்பத்தைந்து நாள் விரல்விட்டு எண்ணி, முப்பத்தாறாம் நாள்தான் இரண்டை அறுத்தேன். "எங்க அக்கா லிமாவுல கணினியிலேயே லாமா வளர்க்குறா, மருந்து எந்த நாள் எந்த உறுப்புல நிக்கும்னு அவளுக்குத் தெரியும்" என்று ஊரெல்லாம் பெருமையடித்தாயிற்று. நாற்பது வீடும் உன் கணக்கை நம்பியே அறுத்திருக்கிறது.

ஆகஸ்ட் 15 என் மகள் லூஸ்மிலாவுக்கு முதல் முடி வெட்டு விழா. ஞானத்தாய் நீதான் முதல் கொத்தை வெட்ட வேண்டும். போன வருஷமும் உனக்காகத்தான் தள்ளிப் போட்டோம். பிள்ளை தலை சிக்குப் பிடித்துக் கிடக்கிறது.

பஸ்ஸில் உப்புக்கண்டம் அனுப்பியிருக்கிறேன்.

உன் தம்பி
எவரிஸ்தோ


லிமா,
ஆகஸ்ட் 4

அன்புத் தம்பி,

முதலில் உப்புக்கண்டத்தைப் பிள்ளைக்கு எட்டாத உயரத்தில் வை.

ஒரு துண்டை மென்றுகொண்டிருக்கும்போதுதான் எனக்கு உறைத்தது. ஆட்டின் உடம்பில் மருந்து போகும் வழியை லாமாவுக்கு மாற்றிக் கணக்குப் போட்டேன். ஈரல், சிறுநீரகம், கொழுப்பு, பச்சைக் கறி எல்லாம் அதில் உண்டு. காய்ந்த கறி இல்லை. தண்ணீர் வற்றும், மருந்து வற்றாது. நாலு கிலோ ஒரு கிலோவாகும்போது மருந்து அந்த ஒரு கிலோவிலேயே நிற்கும். அதைச் சவைத்தே பல் முளைத்தவள் நான். எப்படி மறந்தேன் என்று வெட்கமாக இருக்கிறது.

மிச்சத்தைச் சோதனைக்குக் கொடுத்திருக்கிறேன். முடிவு வர மாதக் கடைசியாகும். யாரும் தொட வேண்டாம்.

அக்கா


சுராக்கோச்சா,
ஆகஸ்ட் 8

அக்கா,

வீடு வீடாகப் போய்ச் சொன்னேன். "உங்க அக்கா நம்மளையும் ஆடுன்னு நினைச்சுட்டாளா?" என்று சிரிக்கிறார்கள். "லிமாத் தண்ணி குடிச்சா தின்ன சோறே மறந்துபோகுமோ?" என்கிறாள் என் மாமியார்.

ஐம்பது நாளா, அறுபதா? ஒரு எண் சொல். தெரியவில்லை என்று மட்டும் எழுதாதே.

எவரிஸ்தோ


லிமா,
ஆகஸ்ட் 12

தம்பி,

தெரியவில்லை.

எழுபது என்று எழுதினால் உன் மனம் ஆறும். ஆனால் லாமாவின் கொழுப்பு ஒரு துண்டுகூட இதுவரை சோதிக்க என் கைக்கு வந்ததில்லை. ஆட்டை வைத்து ஊகித்தேன். இன்னொரு தடவை ஊகிக்க மாட்டேன்.

விழாவுக்கு நான் வரவில்லை. எந்த முகத்தோடு கத்தரியைப் பிடிப்பது? வேறு யாரையாவது வெட்டச் சொல்.

சாத்துர்னினா


சுராக்கோச்சா,
ஆகஸ்ட் 26

அக்கா,

விழாப் பந்தியில் கிழங்கும் பாலாடைக்கட்டியும்தான். யாரும் பட்டினி போகவில்லை. மாமியார் கத்தரியை எடுத்தாள். நான் பிடுங்கிக்கொண்டேன். பெரிய சண்டை.

நீ காதில் சிவப்புக் குஞ்சம் கட்டிவிட்டாயே, மந்தைக்கு முன்னே போகும் லாமாக் கிடா, அதை அறுத்துவிட்டேன். ஊசி போட்ட அறுபதாம் நாள். ஈரல், சிறுநீரகம், கொழுப்பு, பச்சைக் கறி, எல்லாம் பனியில் உறைய வைத்துத் தனித்தனியாகக் கட்டி இந்த பஸ்ஸிலேயே அனுப்புகிறேன். ஐந்தாவது பொட்டலம் அதன் உப்புக்கண்டம். தின்றுவிடாதே.

இனி ஆட்டை வைத்து ஊகிக்க வேண்டாம். எண் கிடைத்ததும் கடிதம் போடாதே, நேரில் வந்து சொல். லூஸ்மிலா தலை அப்படியே இருக்கிறது. கத்தரி என்னிடம்தான் இருக்கிறது.

எவரிஸ்தோ