என் பெயரில் முடிந்த வேலை

ஆவணி 18, புதன்

எங்கள் மோட்டார் சர்வீஸ் கம்பெனியில் லீவில் போகிறவர் தன் பாஸ்வேர்டை நம்பிக்கையான ஒருவரிடம் கொடுத்துவிட்டுப் போவது வழக்கம். போன வாரம் திருச்செந்தூர் போகும்போது கம்ப்யூட்டரில் என் பெயரில் இருந்த வொர்க் ஆர்டர்களைக் கணேசனிடம்தான் விட்டுப் போனேன். ஆறு வருடமாகப் பக்கத்து மேசை.

சேரன்மகாதேவி அரிசி ஆலை மோட்டாரைப் போய்ப் பார்க்காமலே, என் பெயரில் 'வேலை முடிந்தது' என்று போட்டிருக்கிறான். நேற்று மோட்டார் புகைந்து நின்றுவிட்டது. ஊறப்போட்ட நெல் அத்தனையும் புளித்துப்போயிற்று. இன்று காலை ஆலைக்கார அண்ணாச்சி ஆபீசுக்கே வந்துவிட்டார்.

"எட்டிக்கூடப் பாக்காம முடிச்சாச்சுன்னு போட்டிருக்கியளேம்மா!"

நான் கணேசனைப் பார்த்தேன். அவன் மேனேஜரைப் பார்த்தான்.

"அக்கா பேருலதான் சார் இருக்கு. எனக்கு ஒண்ணும் தெரியாது."

பாஸ்வேர்டு கைமாறுவது மேனேஜருக்கும் தெரியும். அவர் ஒரு வெள்ளைத்தாளை எடுத்து என் பக்கம் நகர்த்தினார். மன்னிப்புக் கடிதம் நான்தான் எழுதிக் கொடுத்தேன்.

சாயங்காலம் வண்டி எடுக்கும்போது பைய வந்து, "கோவமாக்கா?" என்கிறான்.

இப்போதுதான் பாஸ்வேர்டை மாற்றினேன். அவனுக்கு மறந்துவிடக் கூடாதென்று அவன் மகள் பெயரைத்தான் வைத்திருந்தேன். மாற்றுவதற்கு முன் கம்ப்யூட்டர் பழையதைக் கேட்டது. அந்தப் பிள்ளையின் பெயரை இன்னொரு தடவை அடிக்க வேண்டியதாயிற்று.