கடிக்கிற கதவு

ராஜபாளையம்,
வியாழக்கிழமை

அன்பு மகள் பியூலாவுக்கு அம்மா எழுதுவது. நலம் விசாரிப்பதற்கு முன்னால் ஒன்றைத் திருத்த வேண்டியிருக்கிறது. அம்மாவுக்குப் புத்தி தடுமாறிவிட்டது, வீட்டுக்கு வருகிறவர்களின் செருப்பை எடுத்து ஒளித்துவைக்கிறாள், இறந்துபோன அப்பாவோடு பேசுகிறாள் என்று ஸ்ரீவில்லிபுத்தூர் விஜி சித்தி உனக்குப் போனில் சொல்லியிருக்கிறாள். அவளுக்குச் சொன்னது நம் பக்கத்து வீட்டுப் பிச்சையம்மாள். நான் யாருடைய செருப்பையும் ஒளித்துவைக்கவில்லை. வாசலில் கழற்றிவிட்டு உள்ளே வாருங்கள் என்கிறேன், அதையும் மீறிச் சமையலறை வரை போட்டுக்கொண்டு வந்தால் நானே எடுத்துக்கொண்டுபோய் வெளியே வைக்கிறேன், அவ்வளவுதான். உன் அப்பாவோடு நான் பேசுவதும் இல்லை. அவருடைய குரல் சில சமயம் கேட்கிறது, அதற்கு நான் பதில் சொல்வதில்லை. இரண்டும் ஒன்றல்ல. கன்னியாஸ்திரிகளிடம் படித்தவள் நான், கேட்டதையும் சொன்னதையும் போட்டுக் குழப்பிக்கொள்கிற வழக்கம் எனக்குக் கிடையாது.

மற்றபடி ஆண்டவர் கிருபையால் சுகமாக இருக்கிறேன். நீயும் மருமகனும் ஜெமிக்குட்டியும் சுகமாக இருக்க வேண்டும் என்பதுதான் காலையும் மாலையும் என் ஜெபம். சர்க்கரை அளவு பரவாயில்லை, இடது கண்ணில் புரை இருக்கிறது என்று டாக்டர் சொல்கிறார், பொங்கல் கழித்துப் பார்த்துக்கொள்ளலாம் என்றிருக்கிறேன். மேற்கே மலையில் நல்ல மழை, அய்யனார் கோவில் அருவியில் தண்ணீர் கொட்டுகிறதாம், ஞாயிற்றுக்கிழமை ஆனால் இந்தத் தெரு வழியாக வண்டி வண்டியாகப் போகிறார்கள். வன்னியம்பட்டி நிலத்தைக் குத்தகை பார்க்கிற இருளப்பசாமி வந்திருந்தான், மக்காச்சோளம் படுத்துவிட்டது என்று ஒரே அழுகை, ஒவ்வொரு வருஷமும் இதே அழுகைதான், ஆனாலும் ஒரு பை நிலக்கடலை கொண்டுவந்தான். உனக்குத் தளவாய்புரத்தில் இரண்டு பருத்தி நைட்டி எடுத்து வைத்திருக்கிறேன், அங்கே வருகிறவர்கள் யாராவது இருந்தால் கொடுத்து அனுப்புகிறேன். வெளிநாட்டில் ஆஸ்பத்திரி ஆஸ்பத்திரியாக மாறி நர்ஸ் வேலை பார்க்கிறவளுக்கு இப்படி ஒரு வண்டியிலேயே வீடும் அடுப்பும் படுக்கையும் வைத்துக்கொண்டு ஊர் ஊராகப் போவது வசதிதான் என்று மருமகன் விளக்கிச் சொன்ன பிறகு எனக்கும் புரிந்தது. வீட்டுக்குச் சக்கரம் இருப்பதில் எனக்கு ஒரு குறையும் இல்லை. போகிற இடத்தில் எல்லாம் முன்பின் தெரியாத ஒரு கம்பத்தில் கரண்டுக்கு வயரைச் சொருகிவிட்டு நீங்கள் மூன்று பேரும் அதற்குள் தூங்குகிறீர்களே, அதுதான் எனக்குக் குறை.

போன ஞாயிறு ஆராதனை முடிந்து வந்து உன்னை வீடியோவில் கூப்பிட்டேன் அல்லவா. அங்கே மழை பெய்து ஓய்ந்திருந்தது, ஜெமி தண்ணீரில் விளையாடிவிட்டு வெறுங்காலோடு ஓடி வந்தாள். அம்மாச்சி, எங்க வீட்டுக் கதவு கடிக்கும் தெரியுமா என்று சிரித்துக்கொண்டே சொன்னாள். எப்படிக் கடிக்கும் கண்ணு என்று கேட்டேன், சுர்ருனு கடிக்கும் என்று விரலை உதறிக் காட்டினாள். அப்போது நீ உள்ளே பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தாய், திரும்பிக்கூடப் பார்க்காமல், ஏட்டி, செருப்ப மாட்டிக்கிட்டுத் தொடு, ஒண்ணுஞ் செய்யாதுன்னு எத்தன தடவ சொல்லுறது என்று சத்தம் போட்டாய். என் கையிலிருந்து போன் விழுந்தது அப்போதுதான். சிக்னல் போய்விட்டது என்று நீ நினைத்திருப்பாய். நான் திரும்பக் கூப்பிட்டு அந்த வயரைப் பிடுங்கச் சொன்னபோது, லேசாத்தாம்மா இருக்கு, நீ சும்மா பயப்படாத என்று சிரித்தாய். பியூலா, செருப்பை மாட்டிக்கொண்டு தொடச் சொன்னது உன் குரல் இல்லை. உன் தொண்டையிலிருந்து வந்தது உன் அப்பா. இழுப்பு மாறாமல், ஒரு சொல் கூடாமல் குறையாமல் அவர் சொல்கிற மாதிரியே இருந்தது. அன்றிலிருந்து நான் சரியாகச் சாப்பிடவில்லை.

நம் வீட்டில் அப்போதெல்லாம் எர்த் கிடையாது என்பது உனக்குத் தெரியும். ஃபிரிட்ஜைத் தொட்டால் சுர்ரென்னும், கொல்லைப்புறத்து இரும்புக் கிரில் கதவு மழை நாளில் சுர்ரென்னும், ஏனென்றால் போர் மோட்டாருக்குப் போகிற வயர் அந்தக் கிரிலை ஒட்டித்தான் போனது. அப்பா அதற்குக் கண்டுபிடித்த வைத்தியம் செருப்பு. வருஷா வருஷம் நீல வார் வைத்த ரப்பர் செருப்பு வாங்கி ஃபிரிட்ஜ் பக்கத்தில் ஒரு ஜோடி, கிரில் பக்கத்தில் ஒரு ஜோடி போட்டுவைப்பார். விருந்தாளி வந்தால் தண்ணீர் கொடுப்பதற்கு முன்னால் இதைத்தான் சொல்லிக்கொடுப்பார். ஆள் வரச்சொல்லிப் பாருங்கள் என்று நான் கேட்கும்போதெல்லாம், ஏட்டி, செருப்ப மாட்டிக்கிட்டுத் தொடு, ஒண்ணுஞ் செய்யாது என்பார். நீ அதைக் கேட்டுத்தான் வளர்ந்தாய். ஷாக் அடிக்கிற வீட்டில் எப்படிப் பிழைப்பது என்று நாங்கள் உனக்குச் சொல்லிக்கொடுத்தோமே தவிர, வீடு ஷாக் அடிக்கக்கூடாது என்று சொல்லிக்கொடுக்கவில்லை. யார்மேலும் குற்றம் சுமத்த இதை எழுதவில்லை, இந்த ஊரில் பாதி வீட்டில் இதே கதைதான்.

அப்பாவுக்கு ஹார்ட் அட்டாக் என்று உனக்குச் சொன்னார்கள். அது உண்மை இல்லை. அப்போது ஜெமி உன் வயிற்றில் இருந்தாள், உனக்கு இரத்தக் கொதிப்பு வேறு, பிள்ள கடல் தாண்டிக் கெடக்கா, அவகிட்ட நெஞ்சுவலின்னே சொல்லுவோம், பொறவு பாத்துக்கிடலாம் என்று உன் பெரியப்பா சொன்னார், எனக்கும் அன்றைக்கு அதுதான் சரி என்று பட்டது. ஊரில் எல்லாருக்கும் தெரியும், உனக்கு மட்டும் தெரியாது. இந்த ஒரு விஷயத்தில் விஜிகூட வாயைக் கட்டிக்கொண்டிருந்தாள். நடந்தது இதுதான். சனிக்கிழமை மத்தியானம், விடாத ஐப்பசி மழை, கொல்லையில் கணுக்கால் அளவு தண்ணீர். டேங்க் நிரம்பி வழிகிற சத்தம் கேட்டு அப்பா மோட்டாரை அணைக்கப் போனார். நான் காபி போட்டு எடுத்துக்கொண்டு பின்னால் வந்தேன். கிரில் கம்பியைப் பிடித்துக்கொண்டு, நெற்றியை அதில் சாய்த்து, மழையைப் பார்த்தபடி நின்றார். மழையைத்தான் பார்க்கிறார் என்று நினைத்தேன். காபி ஆறுகிறது என்றேன். திரும்பவில்லை. என்ன யோசனை என்று கேட்டேன். பிறகு தோளைத் தொடக் கையை நீட்டினேன், அந்நேரம் மதிலுக்கு அந்தப் பக்கம் இருந்து பிச்சையம்மாள், அக்கா தொடாதீய, அண்ணனக் கரண்டு புடிச்சிருக்கு, மெயின அணைங்க என்று அலறினாள். அவள் என்னைப் பற்றி என்ன பேசித்திரிந்தாலும் நான் ஏன் சண்டைக்குப் போவதில்லை என்று இப்போது உனக்கு விளங்கும். மெயினை அணைத்தேன், அவர் சரிந்தார். அவர் காலில் செருப்பு இருந்தது, பியூலா. இரண்டு காலிலும் இருந்தது, நனைந்து ஊறிப்போய் இருந்தது. இதை உனக்கு எழுதத்தான் இந்தக் கடிதம்.

அதன் பிறகு வீடு முழுக்க வயரை மாற்றி, எர்த்துக்குக் குழி தோண்டி, கசிவு இருந்தால் தானாகவே அணைகிற டிரிப் சுவிட்சும் போட்டாயிற்று. கிரிலைக் கழற்றி மரக்கதவு போட்டேன். நீ பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வந்தபோது கிரில் எங்கே என்று கேட்டாய், துருப்பிடித்துவிட்டது என்றேன். வெறுங்காலோடு ஃபிரிட்ஜைத் திறந்து பார்த்துவிட்டு, அப்பா போனதோட ஷாக்கும் போயிருச்சாம்மா என்று நீ விளையாட்டாகக் கேட்டாய், நான் உள்ளே போய்விட்டேன். இப்போதும் மழை நாளில் ஃபிரிட்ஜ் கைப்பிடியில் கை வைத்தால் எனக்குப் பின்னால் அந்தக் குரல் கேட்கிறது. பேய் என்று நான் சொல்லமாட்டேன், விசுவாசிக்கிற வீட்டில் அந்தச் சொல்லுக்கு இடமில்லை. செருப்பில்லாமல் நின்று, சத்தம் ஓயும் வரை கையை எடுக்காமல் இருப்பேன். இத்தனை வருஷம் அது இந்தச் சமையலறையோடு நின்றது. ஞாயிற்றுக்கிழமை அது கடல் தாண்டி உன் வீட்டில் கேட்டது. என் பேத்தியிடம் பேசியது.

இனி வேலையைக் கவனி. மருமகன் மெர்வின் திங்கட்கிழமை, கம்பத்துக்கும் வண்டிக்கும் நடுவில் மாட்டுகிற மூன்று சர்ஜ் புரொடக்டர் பெட்டிகளின் படத்தை அனுப்பி, அத்தை, நீங்கதான கரண்டு இன்ஸ்பெக்டர், எத வாங்கட்டும் என்று கேட்டிருந்தார். கேலியாகக் கேட்டாலும் நான் கேலியாக எடுத்துக்கொள்ளவில்லை, மூன்றைப் பற்றியும் கண் வலிக்க வலிக்கப் படித்தேன். அவர் மனசு போகிற முதலாவது பெட்டி மின்னல் மாதிரித் திடீரென்று ஏறுகிற கரண்டை மட்டும்தான் உறிஞ்சும். ஜூல் என்று பெரிய எண்ணைப் போட்டிருக்கிறான், அது எவ்வளவு உறிஞ்சும் என்கிற கணக்கு, உறிஞ்சி உறிஞ்சி ஒருநாள் உள்ளே செத்துவிடும், உங்கள் கதவு கடிப்பதற்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை. போதாததற்கு அது மூன்று முள் பிளக், முப்பது ஆம்பியர். உங்கள் வண்டி வயரில் நான்கு முள் இருப்பதை ஜெமி பிறந்தநாள் படத்தில் நானே பார்த்தேன், உங்களுக்கு வேண்டியது ஐம்பது. இரண்டாவது பெட்டி தப்பு இருந்தால் சிவப்பு விளக்குக் காட்டும், காட்டிக்கொண்டே கரண்டையும் உள்ளே விடும். அப்படிப்பட்ட ஆட்களை நான் பார்த்திருக்கிறேன். மூன்றாவதுதான் வாங்க வேண்டியது. அது கம்பத்தைச் சோதித்துப் பார்த்து, எர்த் இல்லாவிட்டாலும் நியூட்ரல் விட்டுப்போயிருந்தாலும் வயர் மாறியிருந்தாலும் வோல்டேஜ் ஏறினாலும் இறங்கினாலும் கரண்டை உள்ளேயே விடாது, சரியான பிறகும் ஏசி கெடாமல் இருக்கச் செத்த நேரம் பொறுத்துத்தான் விடும். விலை மூன்று மடங்கு என்று மருமகன் யோசிப்பார், யோசிக்க வேண்டாம் என்று நான் சொன்னதாகச் சொல். சோதனைச் சாலை முத்திரை இருக்கிறதா, கெட்டுப்போனால் மாற்றித் தருவார்களா என்று பார்த்து, பெயர் தெரிந்த கடையில் புதிதாக வாங்கு, யாரோ கழற்றிய பழையது வேண்டாம். தினமும் கம்பத்தில் மாட்டிக் கழற்றுகிற வகையும் உண்டு, வண்டிக்குள் நிரந்தரமாகப் பொருத்துகிற வகையும் உண்டு. நீ வேலை முடிந்து அசந்து வருகிறவள், மருமகன் மறதிக்காரர், பொருத்துகிறதையே வாங்குங்கள். அதில் பைபாஸ் என்று ஒரு சுவிட்ச் இருக்குமாம், பெட்டியைக் கண்ணை மூடிக்கொள்ளச் சொல்கிற சுவிட்ச் அது, அதை யாரும் தொடக் கூடாது.

பெட்டி வந்துவிட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்றும் இருந்துவிடாதே. கசிவு உங்கள் வண்டிக்குள்ளேயே இருந்தால், வண்டி வயரில் எர்த் அறுந்திருந்தால், பெட்டிக்கு அது தெரியாமல் போகலாம், ஆகவே படித்த எலக்ட்ரீஷியன் ஒருவர் வண்டியையும் கம்பத்தையும் பார்த்தே ஆக வேண்டும். அதுவரை கம்பத்துக் கரண்டு வேண்டாம். முதலில் கம்பத்தில் இருக்கிற பிரேக்கரை அணைத்துவிட்டுப் பிறகு வயரைப் பிடுங்குங்கள். ஏசி இல்லாமல் வேர்த்தால் வேர்க்கட்டும், வேர்வையில் யாரும் சாகவில்லை. தொடாமலே கரண்டு இருக்கிறதா என்று காட்டுகிற பேனா மாதிரி ஒரு டெஸ்டர் விற்கிறது, அதை வாங்கி, எந்த ஊரில் நிறுத்தினாலும் பிள்ளையை இறக்குவதற்கு முன்னால் கதவுக்கு நேரே பிடித்துப் பார். ஜெமிக்கு இனிமேல் செருப்பைச் சொல்லிக்கொடுக்காதே. கதவு கடித்தால் தொடாமல் தள்ளி நின்று அம்மாவைக் கூப்பிடு என்று சொல்லிக்கொடு. அந்தப் பழைய சொல் அவள் வாயில் ஏறிவிட்டால் பிறகு அவள் பிள்ளைக்கும் போகும்.

அப்பாவைப் பற்றி இத்தனை வருஷம் கழித்து இப்படித் தெரிந்துகொள்கிறாயே என்று எனக்கும் வருத்தம்தான். அழ வேண்டும் என்றால் அழு, என்மேல் கோபப்பட வேண்டும் என்றாலும் படு, ஆனால் கம்பத்து வயரைப் பிடுங்கிவிட்டு அதைச் செய். தபாலுக்கு நாளாகும் என்பதால் ஒவ்வொரு பக்கமாகப் படம் பிடித்து வாட்ஸ்அப்பிலும் அனுப்புகிறேன், தாளும் வந்து சேரும், பத்திரமாக வை. ஜெமிக்குத் தலைக்கு எண்ணெய் வை, மழைத் தண்ணீரில் விடாதே. மருமகனுக்கு என் அன்பைச் சொல். உங்கள் மூவரையும், நீங்கள் ஓட்டிப்போகிற அந்த வீட்டையும் ஆண்டவர் தம் கைக்குள் வைத்துக்கொள்ளட்டும்.

போனில் கூப்பிட்டுச் சமாதானம் சொல்லாதே, உன் குரலைக் கேட்கிற தைரியம் இந்த வாரம் எனக்கு இல்லை. வயரைப் பிடுங்கியாயிற்றா, எந்தப் பெட்டி வாங்கினீர்கள், எலக்ட்ரீஷியன் பார்த்து என்ன சொன்னார், இந்த மூன்றுக்கும் உன் கையெழுத்தில் பதில் எழுதி அனுப்பு.

உன் அம்மா,
அன்னாள் ஜெபதுரை