பதினோரு நொடி மௌனம்

அன்புள்ள அண்ணா,

நீங்கள் போய்ப் பன்னிரண்டு நாளாகிறது. மராத்தியிலும் தமிழிலும் அண்ணா என்றால் அண்ணன்தான் என்பதால் உங்களை எப்படி அழைப்பது என்ற குழப்பம் எனக்கு என்றுமே இருந்ததில்லை. இதைத் தமிழில் எழுதுகிறேன். உங்களுக்கு இந்த எழுத்து படிக்க வராது. அந்தத் துணிச்சலில்தான் எழுதுகிறேனோ என்னவோ.

வரிசை போட்டுக்கொள்ளாமல் எதையும் தொடங்க என்னால் முடியாது. உங்களுக்குத் தெரியாததா? ஆகவே:

1. மேதா தொலைபேசியில் சொன்னது.
2. நீங்கள் யார், நான் உங்களுக்கு யார் என்பது. இதைப் படிக்கும் மற்றவர்களுக்காக.
3. மொன்றியல் மேடையில் நீங்கள் பேசாமல் இருந்த பதினோரு நொடி மறதியல்ல, நடிப்பு என்பதற்குச் சான்று.
4. ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தில் நான் என்ன பேசப் போகிறேன் என்பது.

முதலாவது. உங்கள் மகள் மேதா புனேயிலிருந்து அழைத்தாள். என்னைக் காகா, அதாவது சித்தப்பா, என்றுதான் கூப்பிடுவாள். கடைசி இரண்டு வருடம் தன்னையே உங்களுக்கு அடையாளம் தெரியவில்லை என்றாள். "வலி ஒண்ணும் இல்லை காகா. இடது கைக் கட்டைவிரலால மோதிர விரலைத் தேய்ச்சுக்கிட்டே இருப்பார். அரிப்போன்னு எண்ணெய் தடவிவிட்டேன்" என்றாள். அது என்னவென்று எனக்குத் தெரியும். ஆனாலும், "அரிப்பாகத்தாம்மா இருக்கும்" என்று சொல்லி வைத்தேன்.

அண்ணா, நீங்கள் வசனம் கேட்டிருக்கிறீர்கள். எடுத்துக் கொடுக்க அங்கே யாரும் இல்லை.

இரண்டாவது. நான் மாதுங்காவில் வளர்ந்த தமிழன். கட்டட வரைபட அலுவலகத்தில் எனக்கு வேலை. நீங்கள் பகலில் வங்கி குமாஸ்தா. மாலையில் தாதரில் ஒரு பள்ளிக்கூட அறையில் ஒத்திகை. என் எதிர்மேசைக்காரர் ஒருநாள் என்னை அங்கே இழுத்துக்கொண்டு வந்தார். வசனம் எடுத்துக் கொடுப்பவர் அன்று வரவில்லை. பிரதியை என் கையில் திணித்தீர்கள்.

"இவன் மதராஸியாச்சே!" என்று யாரோ சிரித்தார்கள்.

"அதனாலதான் சொல்றேன். நம்ம ஆள்னா வசனம் எடுத்துக் கொடுக்கும்போது சொந்தச் சரக்கை அவிழ்த்து விடுவான். இவன் கமாகூட விடாம படிப்பான்" என்றீர்கள்.

அன்றிலிருந்து பதினான்கு வருடம் இடப்பக்கத் திரையின் பின்னால் நின்றேன். நாடகம் தொடங்கும் மூன்றாம் மணி அடித்ததும் மேடைத் தரையைத் தொட்டு நெற்றியில் வைத்துக்கொள்வீர்கள். பிறகு என்னை ஒருமுறை பார்ப்பீர்கள். நமக்குள் ஒரு சைகை இருந்தது. இடது கைக் கட்டைவிரல் மோதிர விரலைத் தேய்த்தால் வசனம் வேண்டும். தேய்க்காவிட்டால் எவ்வளவு நேரம் நின்றாலும் நான் வாயைத் திறக்கக் கூடாது.

வங்கியை விட்டீர்கள். நாடகப் பேருந்தில் ஊர் ஊராகப் போனீர்கள். நாயகனாக இருந்து தகப்பனானீர்கள். சினிமா வந்தது. "எனக்கு எப்பவும் மூணு காட்சிதான் வைத்தி. ஒண்ணுல மகளை அடிப்பேன், ஒண்ணுல அழுவேன், மூணாவதுல சுவத்துல மாலையோட தொங்குவேன்" என்று சிரிப்பீர்கள். பிறகு தொலைக்காட்சித் தொடர். காய்கறிக்காரிகூட உங்களை அந்தத் தொடரின் பெயரால்தான் கூப்பிட்டாள். ஆனாலும் மேடைக்கு வந்துகொண்டே இருந்தீர்கள். நான் கனடாவுக்குக் கிளம்பியபோது நீங்கள் வழியனுப்ப வரவில்லை. அன்று உங்களுக்கு இரண்டு காட்சி.

மூன்றாவது. கனடாவில் நான் இருக்கும் மொன்றியலுக்கு உங்கள் குழு வந்தபோது உங்களுக்கு எழுபது கடந்திருந்தது. இங்குள்ள மராத்திக்காரர்கள் ஒரு பள்ளிக்கூட அரங்கத்தை எடுத்திருந்தார்கள். என் பிரதியைத் தூசி தட்டிக்கொண்டு புறநகர் பியர்பொன்ட்ஸிலுள்ள என் வீட்டிலிருந்து வந்தேன். இருபத்து மூன்று அம்சங்கள் கொண்ட பட்டியல் தயாரித்து ஒவ்வொன்றையும் சரிபார்த்தேன். ஜான்-டலோன் சந்தையில் நானே தட்டிப் பார்த்துத் தேங்காய் வாங்கினேன். உள்ளே கற்பூரம் ஏற்றக் கூடாது என்று காவலாளி கையை விரித்துவிட்டதால் வாசல்படிப் பனியில் பூசை போட்டோம். மேடையின் இடப்பக்கத்தை ஒரு பெரிய பியானோ அடைத்திருந்தது. அதனால் வலப்பக்கம் நின்றேன்.

கடைசிக் காட்சி. சொல் கேளாமல் மணம் செய்துகொண்டு போன மகன் பல வருடம் கழித்து வாசலில் நிற்கிறான். தகப்பன் சாப்பாட்டு மேசையில். மகனின் பெயரையே வீட்டில் சொல்லவிடாத மனிதர். சற்று மௌனம். பிறகு மனைவியிடம் ஒரே ஒரு வரி சொல்வார். திரை.

அந்த மௌனத்துக்கு நீங்கள் எப்போதும் நான்கு நொடிதான் எடுப்பீர்கள். அன்று ஐந்தானது, ஆறானது. வரி என் நாக்கு நுனியில் இருந்தது. நடிப்பாக இருந்து நான் கெடுத்துவிட்டால்? எட்டு, ஒன்பது. பதினொன்றில் நீங்களே எழுந்தீர்கள். அலமாரியிலிருந்து ஒரு தட்டை எடுத்து வந்து, உங்கள் தட்டுக்கு எதிரே வைத்தீர்கள். ஒரு வார்த்தை பேசவில்லை. அரங்கமே எழுந்து நின்று அழுதது.

திரும்பும்போது காரில் சொன்னீர்கள்: "நல்லவேளை, நீ வாயைத் திறக்கலை. திறந்திருந்தா கெடுத்திருப்பே."

அதற்குப் பிறகு நீங்கள் மேடை ஏறவில்லை. முழங்கால் வலி என்றீர்கள். நம்பினேன். மறந்தவருக்குத் தட்டை எடுத்து வைக்கத் தோன்றுமா? அந்தத் தட்டே போதும் சான்று. இத்தனை வருடமாக உங்கள் அந்த ஒரு வாக்கியத்தின் மேல்தான் நான் உட்கார்ந்திருக்கிறேன்.

இதுவரை செவ்வாய்க்கிழமை எழுதியது. இன்று வெள்ளி.

ஞாயிறன்று இங்குள்ள மராத்திக்காரர்கள் உங்களுக்கு நினைவுக் கூட்டம் வைத்திருக்கிறார்கள். அந்த மௌனக் காட்சியைப் போட்டுக் காட்டப் போகிறார்கள். நான் அதைப் பற்றிப் பத்து நிமிடம் பேச வேண்டும். அன்றைய பதிவு ஒரு பழைய கேசட்டில் என்னிடம் கிடந்தது. நேற்று அதை எடுத்துக்கொண்டு பார்க் எக்ஸ்டென்ஷன் போனேன். அங்கே கலியாண வீடியோ எடுக்கும் சிவநேசன் கடை வைத்திருக்கிறார். யாழ்ப்பாணத்துக்காரர்.

"ஐயா, இந்தக் கேசட்டுக்கு உங்கட வயசு இருக்கும் போல" என்று சொல்லிக்கொண்டே கணினியில் ஏற்றினார். கடைசிக் காட்சி வந்தது. நான் கைக்கடிகாரத்தைப் பார்த்து நொடிகளை எண்ணிக்கொண்டிருந்தேன்.

"எனக்கு மராத்தி விளங்காது ஐயா. ஆனா இந்த மனுசன் கையால என்ன செய்யிறார்?"

"எந்தக் கை?"

"இடக்கை. இஞ்ச பாருங்கோ, மேசைக்குக் கீழ. ஆரையோ கூப்பிடுற மாதிரியெல்லோ கிடக்கு."

திரும்பப் போடச் சொன்னேன். இன்னொரு தரமும். படக்கருவி இடப்பக்கம் பியானோவுக்கு அருகில் இருந்திருக்கிறது. அதற்குத் தெரிந்தது எனக்குத் தெரியவில்லை. கட்டைவிரல் மோதிர விரலைத் தேய்க்கிறது. மூன்றாவது நொடியில் தொடங்கி ஒன்பதாவது நொடி வரைக்கும். பிறகு உள்ளங்கை மெல்ல விரிகிறது. பிறகுதான் எழுந்திருக்கிறீர்கள். "கூப்பிட்டது என்னைத்தான்" என்றேன்.

"நீங்கள் எங்க நிண்டனீங்கள்?"

"மற்றப் பக்கம்."

சிவநேசன் படத்தை நிறுத்தினார். "ஓம்... தேத்தண்ணி போடட்டே ஐயா?" என்றார்.

இருபத்து மூன்று அம்சங்களில், பக்கம் மாறினால் சைகைக் கையும் மாற வேண்டும் என்பது இல்லை, அண்ணா. வீட்டுக்கு வந்து அந்தப் பழைய பட்டியலைத் தேடியெடுத்துப் பார்த்தேன். தேங்காய் இருக்கிறது. தட்டுகள் மூன்று என்று இருக்கிறது. கை இல்லை.

சைகை தெரியாதது பாதிதான். மீதியையும் எழுதிவிடுகிறேன். ஐந்தாவது நொடியில் உங்கள் கண் மாறியது. வலப்பக்கத்திலிருந்தே அது எனக்குத் தெரிந்தது. ஆனாலும் பயந்தேன். பயத்துக்கு மரியாதை என்று பெயர் வைத்துக்கொண்டு நின்றேன்.

அன்று காரில் நீங்கள் சொன்னது என் மேல் பழி விழாமல் இருக்கத்தானே? முழங்கால் என்று சொன்னதும் அதற்குத்தானா? இனி யாரிடம் கேட்பேன்?

முதல் பக்கத்தைக் கிழித்துவிட்டு வேறு எழுதலாம். வேண்டாம், அப்படியே இருக்கட்டும். மூன்றாவது அம்சம் தவறு. அது நடிப்பல்ல. நீங்கள் மறந்தீர்கள், கேட்டீர்கள்; நான் கொடுக்கவில்லை. சொல் மறந்த பிறகும் அந்தத் தகப்பன் என்ன செய்வான் என்பது உங்களுக்கு மறக்கவில்லை. அந்த அளவில் மட்டும் நான் எழுதியது நிற்கும்.

ஞாயிறன்று மராத்தியில் இதை அப்படியே சொல்வேன். இது சத்தியம். பேசி முடித்ததும் அந்த வரியை எல்லாருக்கும் கேட்கும்படி வாசிப்பேன். அதற்கு முன் உங்களுக்கு. கையைத் தேய்க்க வேண்டாம் அண்ணா, இதோ:

"அவனுக்கும் ஒரு தட்டு வை."

இந்த முறை சரியான பக்கத்தில் நிற்கும்,
உங்கள் தம்பி வைத்தியநாதன்