பேரனுக்கு அந்தத் திருடன் பெயர் வேண்டாம்

வாடிப்பட்டி,
யுவ வருஷம் ஆவணி 5

ஈப்போவில் இருக்கும் சிரஞ்சீவி நல்லகாமனுக்கு அப்பா சிவனாண்டி ஆசியுடன் எழுதுவது. இங்கே நானும் உன் அம்மாவும் சுகம், வெள்ளைப் பசு கிடாரிக் கன்று போட்டிருக்கிறது. அங்கே நீயும் மருமகள் முத்துத்தாயும் பச்சைப்பிள்ளையும் நோய்நொடி இல்லாமல் இருக்க அழகர் துணை. பேரன் பிறந்த செய்தி கேட்டு உன் அம்மா தெரு முழுக்கக் கருப்பட்டி கொடுத்தாள். கடிதத்தின் பின்பக்கத்தை வாசித்ததும் எனக்கு அது கசந்துவிட்டது. பிள்ளைக்கு உக்கிரபாண்டி என்று பெயர் வைக்கப்போகிறாயாமே. சாமி பெயர் என்றோ முன்னோர் பெயர் என்றோ சொல்லியிருந்தால் பேசாமல் இருந்திருப்பேன். போன பங்குனியில் செத்த அந்தத் திருடனுக்காக என்று எழுதியிருக்கிறாய். இருப்பவனிடம் பிடுங்கி இல்லாதவனுக்குக் கொடுத்தானாம், போலீசுக்கு நெஞ்சைக் காட்டி நின்றானாம், கூட இருந்த சின்னான் பணத்துக்குக் காட்டிக் கொடுத்தானாம். சந்தையில் காலணாவுக்கு விற்கிற பாட்டுப் புத்தகம் கடல் தாண்டி உன் கைக்கும் வந்துவிட்டது. படித்தவன் நீ, அதை நம்பலாமா?

உன் அம்மாவின் வலது காது அறுந்து தொங்குகிறதே, கன்றுக்குட்டி முட்டியதால் என்று உனக்குச் சொல்லி வளர்த்தோம். அது பொய். உனக்கு நாலு வயது, நீ அம்மாச்சி வீட்டில் இருந்தாய். பட்டப்பகலில் களத்துமேட்டில் உக்கிரபாண்டி நம் உழவுமாட்டை அவிழ்த்தான். உன் அம்மா கயிற்றை விடவில்லை. காதில் கிடந்த தண்டட்டியைச் சதையோடு இழுத்துக்கொண்டு போனான். பின்னால் ஓடியவன் நம் வயலில் வேலை செய்த சின்னான்தான். கம்படி பட்டு இன்றைக்கும் அவன் கால் இழுக்கிறது. நாம் என்ன ஜமீன்தாரா, இருப்பவன் என்று நம்மிடம் பிடுங்க? திருடனுக்கே ஆள் விட்டுத் துப்புக்கூலி கொடுத்து மாட்டை மீட்பதும், மீட்டபின் அவன் பெயரைச் சொல்லமாட்டேன் என்று கோயிலில் சூடம் அணைத்துச் சத்தியம் செய்வதும் நம் பக்கத்து வழக்கம். நானும் கருப்பன் கோயிலில் சூடம் அணைத்தேன். என்னைப்போல் இந்தச் சீமையில் எத்தனை பேர் வாயைக் கட்டிக்கொண்டார்களோ, அந்த மௌனத்தில்தான் அவன் வள்ளல் ஆனான். நெல் விலை விழுந்து சனங்கள் கஞ்சிக்கு அல்லாடும் இந்த நாலைந்து வருஷத்தில் அவன் யாருக்காவது ஒரு மரக்கால் நெல் கொடுத்தான் என்று ஒருவர் வந்து சொல்லட்டும், நான் மீசையை எடுத்துவிடுகிறேன்.

போலீசின் வீரத்தையும் கேள். உக்கிரபாண்டி செத்த அன்று காலையில் கரும்பு வெட்டப் போன சின்னான், காய்ந்த சோகை இலைக்குள் ஒரு பிணம் கிடக்கிறது என்று மணியக்காரரிடம் சொன்னான். அவன் செய்தது அவ்வளவுதான். பிணத்தை ஏற்ற என் வண்டியைப் பிடித்தார்கள். கண்ணால் பார்த்தேன், வாயில் நுரை, கெண்டைக்காலில் பாம்புக்கடி, உடம்பு விறைத்துக் கிடந்தது. சப்இன்ஸ்பெக்டர் எங்களைத் தள்ளி நிற்கச் சொல்லிவிட்டு இரண்டு தோட்டா சுட்டார். ஒரு சொட்டு ரத்தம் வரவில்லை. "பாத்தத மறந்துரு" என்று கான்ஸ்டபிள் என் தோளைத் தட்டினான். செத்தவனைச் சுட்டவருக்குப் பெரிய வேலை கிடைத்துவிட்டது. பிணம் கிடப்பதைச் சொன்னவன் துரோகியாகிவிட்டான்.

அதற்குப்பின் சின்னானை யாரும் வேலைக்குக் கூப்பிடுவதில்லை. அவன் பெண்டாட்டி ராமக்காள் தண்ணீர் எடுக்கப் போனால் அந்தப் பாட்டைப் பாடுகிறார்கள். "அண்ணே, நீங்க பக்கத்துல நின்னு பாத்தீங்கள்ல, ஊர்ல ஒரு வார்த்த சொல்லுங்கண்ணே" என்று என்னிடம் வந்து நின்றான். போலீசுக்குப் பயந்து தலையைக் குனிந்துகொண்டேன். என் மேலேயே எனக்குக் காறித் துப்பத் தோன்றியது. உன் கடிதத்தை வாசித்துக் காட்டியதும் உன் அம்மா எழுந்துவிட்டாள். "செத்தவனுக்குச் செஞ்ச சத்தியம் அவனோட போச்சு. நீங்க வாயத் தொறக்காட்டி நான் போறேன்" என்று நேரே ஊர் கூடும் மந்தைக்குப் போனாள். முந்தானையை விலக்கிக் காதைப் பிடித்துக் காட்டி, "இந்தா பாருங்கப்பா, ஒங்க வீரன் ஏழைக்குக் குடுத்த லட்சணத்த" என்றாள். அதற்குமேல் நான் எப்படிச் சும்மா இருப்பேன், எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். பெரியவர்கள் தலையாட்டினார்கள். இளவட்டம் ஒருத்தன் "பாட்டுல அப்படி இல்லையே" என்கிறான். நேற்று கான்ஸ்டபிள் வந்து என்னை ஸ்டேஷனுக்கு வரச் சொல்லிவிட்டுப் போனான். போய் அங்கேயும் இதையேதான் சொல்வேன், நீ கவலைப்படாதே.

சின்னான் இப்போது நம் வயலுக்குத்தான் வருகிறான். உனக்குப் பிள்ளை பிறந்ததில் அவனுக்கு அம்புட்டு சந்தோஷம். தினமும் "பேரனுக்கு என்ன பேருண்ணே வச்சிருக்காக?" என்று கேட்கிறான். நீ இன்னும் எந்தப் பெயரையும் எழுதவில்லை என்று மூன்று தடவை பொய் சொல்லிவிட்டேன். உன் பதில் கடிதத்தை அவன் எதிரில்தான் பிரித்து வாசிக்கப்போகிறேன், அதை மனதில் வைத்துப் பெயரை எழுது.

மருமகளுக்குப் பூண்டுக்குழம்பு வைத்துக் கொடு, பனியில் வெளியே விடாதே. பேரன் நீண்ட ஆயுசோடு நல்லவனாக வளரட்டும்.

இப்படிக்கு,
உன் அப்பா
சிவனாண்டி
(அம்மா சீனியம்மாள் பக்கத்தில்தான் இருக்கிறாள், ஒரு வரியும் விடாமல் எழுதச் சொன்னாள்.)